நிறம், ஒரு சொல்லில்

படிவத்தின் ஆறாவது கட்டம் நிறம்.
என் சுண்டுவிரல் அகலம்தான்.
அதன் கீழே இரண்டு வெற்றுக் குதிரைகள்,
ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம்,
வெறும் கோட்டில்,
யாராவது வந்து நிரப்பட்டும் என்று
நின்றபடியே காத்திருக்கின்றன.

கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் முகாம்.
ஏழரைக்கே மணல் சுடுகிறது.
பதினோராவது குதிரை தஸ்தகீருடையது.
"பேரு?"
"ஷர்பத்."
"நிறம்?"
அவர் கடலைப் பார்த்தார்.
"போன வருசம் இன்னா எழுதினீங்களோ
அதையே எழுதிக்கங்க மேடம்."

போன வருசம், என் கையெழுத்தில்: வெள்ளை.
இப்போது எதிரில் நிற்பவளோ
செவலைமேல் பாலைக் கொட்டிவிட்டுத்
துடைக்க மறந்ததைப் போல.

எத்திராஜ் சிரிப்பை அடக்க
மாஸ்க்கை மேலே இழுக்கிறார்.

சவுகார்பேட்டை மாப்பிள்ளைகளுக்கு வெள்ளைதான் வேண்டும்.
திட்டுக் குதிரைக்கு இரண்டாயிரம், வெள்ளைக்கு ஆறு.
கோலமாவு உதிரும் மேடம்.
ஜவ்வரிசிக் கஞ்சியில் குழைத்த முகப்பவுடர்,
மூன்று டப்பா.
போன முகாமுக்கு முந்தின ராத்திரி ஒரு கல்யாணம்,
கழுவ நேரமில்லை.

அப்புறம் ஐப்பசி.
மின்ட் தெருவில் பேண்டு
அடுத்த பாட்டுக்கு மாறும்போது மழை.
முதலில் பிட்டத்தில் ஒரு செம்புள்ளி,
பிறகு தோளில்,
பிறகு விலா முழுக்க.
மாப்பிள்ளையின் அத்தை
குடையை உயர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:
"இது வேற குதிரை."
"அதே குதிரைதாம்மா.
இப்பதான் அதே குதிரை."

கூலி பாதிதான் வந்தது.
மாப்பிள்ளை மட்டும் இறங்கவில்லை.
முகம் மறைத்த பூச்சரத்தை ஒதுக்கி,
குனிந்து,
கழுத்துத் திட்டு ஒன்றைக்
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாராம்.
போகவில்லை.

ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன்.
ஈரத்தில்தான் குதிரை உண்மை பேசும்.
வெள்ளை மயிருக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பு,
செவலைக்கு அடியில் கருப்பு,
இரண்டும் சந்திக்கும் இடத்தில்
விரற்கடை அகலம் நீலச்சாம்பல்:
கருந்தோல்மேல் வெள்ளை மயிர்
பட்டா இல்லாமல் குடியேறிய புறம்போக்கு.
அதையும் வரைந்தேன்.
அவள் வயிறு மூச்சு வாங்கும்போதெல்லாம்
எல்லை கொஞ்சம் நகர்ந்தது.

இடக்கண் பழுப்பு.
வலக்கண் நீலம்.
நீலத்துக்குப் படிவத்தில் இடமே இல்லை.

ஐஸ்லாந்தில், கல்லூரியில் படித்தது,
ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு சொல் உண்டாம்.
தலை மட்டும் நிறத்தோடு மிஞ்சினால் ஒன்று,
காலில் சாக்ஸ் மாட்டியதுபோல் வெளுத்தால் இன்னொன்று.
குளிரில் வேறு வேலை இல்லை போல என்று
கடைசி பெஞ்சில் சிரித்தோம்.

நம்மிடமும் சொல் இருக்கிறது.
நெற்றியில் இருந்தால் சுட்டி.
நெற்றியும் நாலு காலும் வெளுத்தால் பஞ்சகல்யாணி.
ஷர்பத்துக்கு ஒரு கால் குறைகிறது,
கல்யாணக் கூலியிலும் பாதி.

கட்டத்தில் எழுதினேன்: மறை.

"அது மாட்டுக்குச் சொல்றதாச்சே மேடம்,"
என்றார் எத்திராஜ்.
கட்டம் சின்னது என்றேன்.
தஸ்தகீர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
என்னை ஒருமுறை பார்த்தார்.
"மறைக்கச் சொல்றீங்களா,
வேணாங்கிறீங்களா?"

ஷர்பத் உடம்பை உதறினாள்.
படிவத்திலிருந்த இரண்டு குதிரைகளும் நனைந்தன.

பன்னிரண்டாவது குதிரையைக் கொண்டுவந்தார்கள்.
"சுத்தக் கருப்பு மேடம், ஒரே கலரு."
இன்னொரு வாளித் தண்ணீர் கேட்டேன்.