சீட்டு எண் 212

ராத்திரி இரண்டே முக்கால்.
மாட்டுத்தாவணியில் மல்லி வந்து இறங்கியாயிற்று.
தராசு ஓடுகிறது, சீட்டு வரமாட்டேன் என்கிறது.
சேவுகன் கடையிலிருந்து மூன்றாவது அழைப்பு:
"தாயி, என்னமோ இங்கிலீசுல திட்டுது."

விளாங்குடி மாடியில் லேப்டாப்பைத் திறக்கிறேன்.
திட்டவில்லை அது.
ரைப்எம்டி என்று எனக்கு யாரையும் தெரியாது
என்கிறது, அவ்வளவுதான்.

நேற்றுச் சாயங்காலம் சர்வரைப் புதுசாக்கியவன் ஹிதாயத்.
இப்போது கீழக்கரைக்குப் போகும் பஸ்ஸில், தங்கை நிக்காஹுக்கு.
போனை அணைத்திருக்கிறான். பிழைத்தான்.

யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.
ஷா 256 கை தூக்கியது, ஷா 512, பிளேக்,
நான் ஒருநாளும் கூப்பிடாத இன்னும் பத்துப் பேர்.
வேண்டியவன் மட்டும் இல்லை.
பைத்தானை அழித்து மறுபடி போட்டேன்.
இல்லை.
எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று பார்த்தால்
இரண்டு இருந்தன.
இரண்டிலும் இல்லை.
மூன்று ஐந்துக்குக் கரண்ட் போய் வந்தது.
நாலாவது அழைப்பை நான் எடுக்கவில்லை.

அப்புறம்தான் பிடிபட்டது.
ஓபன்எஸ்எஸ்எல் புதுப் பதிப்பில்
யாரும் அவனைக் கொன்றுவிடவில்லை.
வயசாகிவிட்டது என்று சிலரைப் பிரித்துத்
தனிக் கோப்பில் உட்காரவைத்து
கூப்பிட்டால் ஒழிய வராதே என்றிருக்கிறார்கள்.
ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள்,
ஆள் வீட்டில்தான் இருக்கிறார்.
கான்ஃபிக் கோப்பில் நாலு வரி சேர்த்தேன்.
வந்துவிட்டான்.

அதோடு படுத்திருக்கலாம்.
மனசு கேட்காமல்
பழைய சீட்டுகளையும் ஒருதரம் சரிபார்க்க விட்டேன்.
நாலாயிரத்துச் சொச்சம். பொருந்துகிறது, பொருந்துகிறது என்று
திரை ஓடிக்கொண்டே இருந்து
212-இல் நின்றது.

ஒச்சம்மாள், வலையங்குளம். போன வியாழன்.
பதினோரு கிலோ.

ஹாஷ் பின்னோக்கி நடக்காது.
கட்டிய சரத்தைப் பிரித்தால் பூவாவது மிஞ்சும்,
இதைப் பிரித்து எடையை எடுக்க முடியாது.
ஆனால் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்க்கலாம்.
பதினொன்று நூறு. பதினொன்று இருநூறு.
பன்னிரண்டு தாண்டி, பதின்மூன்றும் தாண்டிப்
பதினாலில் அச்சாகப் பொருந்தியது.

கணக்கில் கைவைக்கப் பாஸ்வேர்டு உள்ளவர்கள் மூன்று பேர்.
ஒருத்தி நான். ஒருவன் பஸ்ஸில் தூங்குகிறான்.

ஐந்தாவது அழைப்பு.
"அச்சாகுது தாயி. எல்லாஞ் சரியாயிருச்சா?"

சரியாயிருச்சுண்ணே.
இருநூத்திப் பன்னெண்டாம் சீட்டு,
கார்பன் நகல் கடையிலதான் இருக்கும்.
எடுத்துக் கொஞ்சம்
வாசிங்க.