வாட்டல் மாடியில் மாம்பழம்

பத்தொன்பது வருஷம் பிடித்தேன்,
ஒருநாளும் ஸ்டோருக்குள் பிடித்ததில்லை.
தேயிலைக்கு மூக்கு அதிகம்.
பக்கத்தில் வெங்காயம் உரித்தாலும்
கொழும்புவரை சுமந்துபோய்ச் சொல்லிவிடும்.
ஆகவே கேட்டுக்கு வெளியே,
டர்பன்டைன் விறகு அடுக்கின் பின்னால்,
மழையென்றால் தலையில் சாக்கு.
லிந்துலைச் சந்தியில்
ஒற்றை ஒற்றையாய் வாங்கிய சிகரெட்.
அந்தக் கடையில் கயிற்றில் தொங்கும் லைட்டருக்கு
என் பெருவிரல் பழக்கம்.

பிறகு படியேறும்போது
நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது.
லயத்திலிருந்து ஸ்டோருக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
அறுபதில் நின்று
கொழுந்து பார்ப்பதுபோல் பார்ப்பேன்.

கட்டாரிலிருந்து வந்த மச்சான் டிலக்சன்
பேனா மாதிரி ஒன்றைக் கையில் வைத்தான்.
"இது புகையில்ல அத்தான், ஆவி.
மொதல்ல பன்னெண்டு, அப்புறம் ஆறு, மூணு,
அப்புறம் சும்மா."
போத்தலில் எண் இருந்தது.
மாம்பழப் படமும்.
மனைவி பார்த்துவிட்டு,
"பால் மறந்த புள்ளைக்கிச் சூப்பி" என்றாள்.

காம்பராவில் ஒரே பிளக்.
மகளுடைய போன் நிறையும்வரை
என் மூச்சு
வரிசையில் காத்திருந்தது.

பிரட்டுக்களத்தில் விடியக்காலை
எல்லார் வாயிலும் ஆவி.
என் வாயில் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அதில்தான் துணிச்சல் வந்தது.

ராத்திரி இரண்டு மணி, வாட்டல் மாடி.
காற்றாடிகள் தொட்டிக்கடியில் உறுமிக்கொண்டிருந்தன.
வெளியே குளிர் எலும்பைத் தேடியது.
புகையில்லையே, ஆவிதானே என்று
ஒரு இழுப்பு. இன்னொன்று.
விட்டதையெல்லாம் காற்றாடி இழுத்து
ஈரக்கொழுந்துக்குள் செலுத்தியதை
நான் பார்க்கவில்லை. ஆவியை யார் பார்ப்பது?

மூன்றாம் கிழமை கொழும்பிலிருந்து கடிதம்.
ருசி பார்ப்பவர் துப்பிவிட்டு எழுதியிருந்தார்:
தூளில் பழவாடை.

டீமேக்கர் எல்லாருடைய சோற்றுப்பெட்டியையும் திறந்தார்.
பத்மலோஜினியின் பெட்டியில் மாங்காய் அச்சாறு.
அவளுக்கு இரண்டு பேரு வெட்டு.
என் பேர்
எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

அவள் அழவில்லை.
சல்லடை மேசையில் தூளைத் தட்டிக்கொண்டே
எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:
"மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும்
வித்தியாசந் தெரியாத மூக்கு,
அதுக்கொரு சம்பளம்."

நான் குனிந்து
சும்மா கிடந்த ஒரு திருகாணியை
இறுக்கினேன்.

மறுநாள் கழிந்து போய்ச் சொன்னேன்.
நல்ல மனசில் அல்ல;
படியேறும்போது அறுபது வந்ததும்
நின்றுவிட்டேன். நெஞ்சு விசிலடிக்கவில்லை.
காரணமில்லாமல் நிற்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.
டீமேக்கர் என்னை வெகுநேரம் பார்த்தார்.
ஒரு மாதம் வாட்டல் மாடிக்கு ஏறக்கூடாது என்றார்.
அவளுடைய பேரைப் பற்றிக் கேட்டேன்.
செக்ரோல் மூடியாச்சு என்றார்.

சிகரெட்டுக்குப் போகாத காசு
ஹோர்லிக்ஸ் போத்தலில் கிடந்தது.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
பத்மலோஜினி எச்சில் தொட்டு எண்ணினாள்.
"ரெண்டு பேருக்கு இருநூறு கொறையுது" என்றாள்.
சம்பளத்தன்று தருவதாகச் சொன்னேன்.
சம்பளத்தன்று
அவளே வந்து வாங்கிக்கொண்டாள்.

இப்போது மறுபடியும் விறகு அடுக்கின் பின்னால்.
மூன்றாம் நம்பர் போத்தல்.
சும்மாவுக்கு இன்னும் துணியவில்லை.
நனைந்த டர்பன்டைனில் இப்படியொரு வாசமா?
பத்தொன்பது வருஷம் இதன் மேல் சாய்ந்திருந்தும்
இது மரமென்று எனக்குத் தெரியாது.

இடுக்கில் எப்போதோ நான் செருகிய
பாதிச் சிகரெட் ஒன்று ஊறிக் கிடந்தது.
எடுத்தேன்.
மோந்து பார்த்தேன்.
உள்ளே டிரையர் மணியடித்தது.
கையில் அதை வைத்துக்கொண்டு
எந்தப் பக்கம் எறிவதென்று
கொஞ்சநேரம் நின்றேன்.