தோன்றா எழுவாய்

கட்டுரை ஒன்பது பக்கம்.
எழுதியவர்களின் பட்டியல் பதினொன்று.

ஆயிரத்துப் பதினேழு பேர்.
குடும்பப் பெயரின் அகரவரிசை;
மூப்பு இளமை கிடையாது, ஆண் பெண் கிடையாது,
பந்தியில் உட்காரவைத்த மாதிரி
எல்லோருக்கும் ஒரே அகல இலை.

முதல் இலை அப்ரூஸ்காத்தோவுக்கு.
நல்ல மனிதர், குறை சொல்வதற்கில்லை.
நான்கு வருடமாக ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.
செய்தித்தாள் எழுதியது:
அப்ரூஸ்காத்தோ மற்றும் பிறர் கண்டுபிடித்தனர்.

பிறரிலும் கடைசிப் பிறர்
அகாத்தினா ஸப்பலா.

சிசிலியின் தென்முனையிலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி
மூவாயிரத்து நானூறு மீட்டர் ஆழத்தில்
சரம் சரமாகத் தொங்குகின்றன கண்ணாடிக் கோளங்கள்.
விண்மீன் கூட்டங்களுக்கு அப்பாலிருந்து வரும் துகள் ஒன்று
நீரை உரசினால்
ஒரு நீலப் பொட்டு.
அதைப் பார்க்கத்தான் அத்தனை இருட்டு.

கரையில் பழைய சூரைமீன் கிடங்கு,
இப்போது கட்டுப்பாட்டு அறை.
மழை பெய்தால் சுவர் இன்னும் மீன் நாறும்.
பிப்ரவரி இரவுப் பணியில் அங்கேதான் பார்த்தாள்:
ஏழாம் சரம் பிந்துகிறது,
பதினொரு நானோநொடி.

இரைச்சல் என்றான் கொர்ராதோ.
இருக்கலாம் என்றாள்.
எட்டு வாரம் கேபிள் வரைபடங்களோடு கிடந்தாள்,
ஆழத்துக் குளிரில் சுருங்கும் ஓர் இணைப்பான்
கையில் அகப்படும்வரை.
உள்குறிப்பு 417, ஆறு பக்கம்.
கடிகாரத்தைத் திருத்தியதும்
வானத்தில் அம்பு அரைப் பாகை நகர்ந்தது.
நகர்ந்த முனையில்
ஒரு விண்மீன் கூட்டம் உட்கார்ந்திருந்தது,
ஏன் இவ்வளவு நேரம் என்பதுபோல.

கட்டுரையில் ஒரு வரி:
கடிகாரங்கள் சரிசெய்யப்பட்டன.

என் மொழியில்
வினையின் வாலைப் பிடித்தால் ஆள் கிடைத்துவிடும்.
கண்டான். கண்டாள்.
கண்டோம் என்றால் பால் உதிரும்,
காணப்பட்டது என்றால் ஆளே உதிர்ந்துவிடும்.
தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் ஒன்று உண்டு;
கண்ணுக்குத் தெரியாது,
அதை நீக்கினால் வாக்கியம் நிற்காது.
செயப்பாட்டு வினைக்கு அந்தக் கூச்சமும் இல்லை.
நன்றாகவே நிற்கிறது.

கத்தானியாவில் பேராசிரியர் பணிக்கு நேர்காணல்.
ஐந்து பேர், ஒரு தண்ணீர்க் குடுவை.
இந்த ஆயிரத்துப் பதினேழில் உங்கள் பங்கு எது?

நாங்கள், என்று தொடங்கினாள்.
நாங்கள், என்றே முடித்தாள்.
எதிரே இருந்த பேனா அசையவில்லை.

அடுத்து உள்ளே போனவன் கொர்ராதோ.
ஏழாம் சரத்தை நான் சரிசெய்தேன்.

முழுப் பொய் இல்லை அது.
இரைச்சல் என்றவன்தான்
பிறகு பெருங்கூட்டத்தில் அந்தக் குறிப்பை
எழுந்து நின்று வாசித்தான், கைதட்டலும் வாங்கினான்.
அப்போது அவள் எங்கே இருந்தாள்?
அதே அறையில், மூன்றாம் வரிசையில்,
கூட்டக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.
உன் கையெழுத்துத்தான் புரிகிறது என்று
வருடா வருடம் அவளிடமே தருவார்கள்.
தன் கையாலேயே எழுதினாள்:
தீர்வு முன்வைக்கப்பட்டது.

வேலை அவனுக்கு.
வாழ்த்து அட்டையை யார் வாங்கி வருவது என்று
யாரும் கேட்கவில்லை,
அவள் வாங்கி வந்திருந்தாள்.

இரவு மூன்று பத்து. மறுபடியும் கிடங்கு.
திரையில் ஒரு கோடு துடிக்கிறது:
கோளம் 1188 முதலில் கண்டது.
இரண்டு நானோநொடி கழித்து 1189.
அதன்பின் 1204.
கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, நேரம் உண்டு,
கண்டது இன்னதென்று தனி வரி உண்டு.
கடலுக்கடியில் எதுவும் நாங்கள் என்று சொல்வதில்லை.

பதிவேட்டில் எழுதுகிறாள்:
1188ஐ நான் சோதித்தேன். சரியாக இருக்கிறது.
நான் என்ற சொல்லை ஒருமுறை பார்க்கிறாள்.
அழிக்கவில்லை.

கீழே பணியாளர் பெயருக்கு ஒரு பெட்டி.
அகாத்தினா என்று தட்டத் தொடங்குகிறாள்.
மூன்றாம் எழுத்தோடு
நின்றுவிடுகிறது பெட்டி.