நான்கு மணிக்குப் பிந்திய தண்ணீர்

விடுதியில் மாலை நான்கு மணிக்குமேல்
தண்ணீர் கிடையாது.
கேட்டால் கிடைக்கும்.
கேட்டவளின் பெயர்
செவிலியர் அறைப் பலகையில் ஏறும்.
நாற்பது படுக்கைக்கு இரவில் இரண்டே பேர்.
குடித்தால் போக வேண்டும்,
போவதென்றால் யாராவது தூக்க வேண்டும்.
அவ்வளவுதான் கணக்கு.
பதினேழு வருடம் என் நாக்கு
அந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தது.

சப்போரோவில் ஜனவரி.
ஆறு பாய் விரிக்கிற அறை, தரைத்தளம்.
கிடைத்தது பன்னிரண்டாவது வீட்டில்.
மற்ற பதினோரு பேரும் கேட்டது ஒரே கேள்வி:
"தீப்பிடித்தால்?"
பிடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று
ஒருவரிடம் திருப்பிக் கேட்கப் பார்த்தேன்.
என் வாயில் வாக்கியம்
பனியில் வரும் டிராம் மாதிரி.
"பி" என்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.

பல்கலைக்கழக வாசலில் துண்டுச்சீட்டு கொடுத்தோம்,
நானும் ஷிகேமாட்சுவும்.
'கைகள் தேவை. சம்பளம் குறைவு.
இரக்கம் இருப்பவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.'
அவன் பல்லில் கவ்வி நீட்டுவான்.
எச்சில் பட்ட சீட்டை நிறையப் பேர் வாங்கவில்லை.
வாங்கியவர்களில் ஒன்பது பேர் வந்தார்கள்.
ஒருத்தி என்னைப் பார்த்ததும் அழுதாள்,
அனுப்பிவிட்டேன்.
ஒருவன் என் தலையைத் தடவினான்.
எனக்கு வயது முப்பத்தாறு.
அவனையும்.

குராஷினா மிஞ்சினாள்.
மீன் தொழிற்சாலை வேலையை விட்டவள்,
பேச்சு குறைவு.
முதல் இரவு, மிசோ சூப்.
"இன்னும்" என்றேன்.
கரண்டி நின்றது.
"இன்னும்."
அவள் புருவம் ஏதோ சொல்ல எழுந்து
உட்கார்ந்துகொண்டது.
போட்டாள்.

கடல். வேறென்ன சொல்வது.
விடுதியில் எல்லாமே வெந்நீர் ருசி.
எனக்கு எவ்வளவு உப்பு பிடிக்கும் என்பது
எனக்கே தெரியாது என்று
அப்போதுதான் தெரிந்தது.
கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.
முதல்முதலாக நானே செய்த தப்பு,
மிச்சம் வைக்க மனசில்லை.

உப்பைத் தின்றவள்
தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்.
ஒரு தம்ளர்.
பத்தரைக்கு இன்னொன்று.
விளக்கை அணைக்கப் போனவளை நிறுத்தி
மூன்றாவது.
உறிஞ்சுகுழல் காலியாகிக் கொறகொறத்தது,
பலகை எதுவும் இல்லை அந்தச் சுவரில்,
போன குடித்தனக்காரர் விட்டுப்போன
ஒரு ஆணி மட்டும்.

மூன்றேகாலுக்குக் கூப்பிட்டேன்.
அடுப்பு அணைந்து அறை விறைத்திருந்தது.
குராஷினா எழுந்தாள்,
கொட்டாவி விட்டாள்,
"சே, என்ன குளிர்" என்றாள்.
மன்னிப்புக் கேட்க வாய் தானாகத் திறந்தது.
மூடிக்கொண்டேன்.
தூக்கினாள். போனோம். வந்தோம்.

போர்வையை இழுத்துவிட்டு
"வேறு ஏதாவது?" என்றாள்.
இருந்தது.
நாளைக்கு மிசோ பாதி போதும் என்பது.
முதல் எழுத்துக்கே தாடை இழுத்துக்கொண்டது.
பனி தள்ளும் வண்டி
தெருமுனையில் திரும்பி
எங்கள் ஜன்னலைக் கடந்து
அடுத்த தெருவுக்குள் போய்விட்டது.
அவள் குந்தியபடியே இருந்தாள்
வெறுங்காலோடு,
என் வாக்கியத்தை முடித்துவைக்காமல்.