தடிமன்

அந்தக் கண்டத்தில் எனக்கு ஒன்பது காதுகள்.
பனிக்குள் புதைத்தது நானில்லை,
புதைத்தவர்கள் எப்போதோ கப்பலேறிவிட்டார்கள்.
புளியரையில், எடைமேடைக்கு மேலே,
மாதம் மூவாயிரத்து ஐந்நூறு வாடகை அறையில்
அவை கேட்டதை நான் கேட்கிறேன்.

“என்ன வேலை?” என்றாள் மைதீன்பாத்து,
கீழே இரவு ரசீது போடுகிறவள்.
தென்துருவத்தில் பூமி மேலோட்டின் தடிமன் பார்ப்பது.
“அந்தக் குளிருக்குத் தடுமன் பிடிக்காம என்ன செய்யும்”
என்று மூக்கை உறிஞ்சிக் காட்டினாள்.

எங்கோ கடலுக்கடியில் பாறை முறிகிறது.
அதன் அலை ஆழம் சுற்றி
ஒரு காதின் நேர் கீழே ஏறி வருகிறது.
கவசம் முடிந்து மேலோடு தொடங்கும் எல்லையில்
அலையின் ஒரு துண்டு நடை மாறுகிறது.
முன்னது வந்து சேர்ந்தபின்
பின்னதற்கு ஐந்து நொடி தாமதம்.
நொடிக்கு எட்டு கிலோமீட்டர் சொச்சம்.
நான் முடிக்கும் முன்பே அவள் சொன்னாள்:
“ரெண்டு பஸ் ஆரியங்காவுல ஒண்ணா கெளம்புது,
கேரளா வண்டி அஞ்சு நிமிசம் பிந்தி வருது.
அதை வச்சு ஆரியங்காவு எவ்வளவு தூரம்னு கேக்குற.”
அதைத்தான் கேட்கிறேன். சம்பளமும் அதற்குத்தான்.

சொல்லாத தொல்லைகளும் உண்டு.
மூன்று கிலோமீட்டர் பனிக்குள் மாட்டிய அலை
வற்றிய கிணற்றில் கத்திய பேர்போல
திரும்பத் திரும்ப வருகிறது, எது முதல் குரல்?
சூரியன் போனால் பேட்டரி சாகும்.
ஆறாவது காது ஜூனில் நின்று
அக்டோபரில் தானாக விழித்தது.
நடுவில் அங்கே என்ன நடந்ததென்று
எவருக்கும் தெரியாது.

பத்தாவது காது பழுதாகி வந்தது.
சரிசெய்து, பின்கட்டு சிமெண்டுத் தரையில் வைத்து
பதினோரு இரவுகள் சோதித்தேன்.
சாரல் விழுந்தது பதிவானது.
கொல்லம் ரயில் பாலம் ஏறியது.
பிறகு, ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே,
லாரிகள்.
ஏற்றிய வண்டி மலை ஏறும் தடம் வேறு,
காலி வண்டி இறங்கும் தடம் வேறு.
ஐம்பத்தாறில் தாலுகாவைக் கிழித்த கோட்டின்மேல்
இந்தப் பக்கத்து மேலோடு
ஜல்லியாய், எம்-சாண்டாய்,
தார்ப்பாய் போர்த்திப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பதினோராம் இரவில் ரசீது நாற்பத்தொன்று.
என் காதுக்கு நூற்றுப் பதினெட்டு.

“அதுல லாரி தெரியுமா?”
தெரியும்.
“நம்பர்?”
நம்பர் தெரியாது. கனம் தெரியும்.
மைதீன்பாத்து கார்பன் தாளை
மறுபடி மறுபடி நேராக வைத்தாள்.
சுகதன் வண்டி மேடையில் ஏறி நின்று
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் மதியம் மாடிக்கு
சாளை மீன்குழம்பு வந்தது.
நான் கேட்கவில்லை.
சாப்பிட்டேன்.

அறிக்கையில் எழுதினேன்:
பத்தாவது கருவி நலம்,
இரைச்சல் நீக்கப்பட்டது.
நான்காம் நிலையத்தின் கீழே
நாற்பத்து நான்கு கிலோமீட்டர்,
பிழை கூடவோ குறையவோ இரண்டு.
அவள் மேடையின் பிழை இருபது கிலோதான்.
ஒருநாள் வண்டியில்லாத நேரம் ஏறி நின்றேன்,
அறுபது என்று காட்டியது,
அவள் ரசீதும் கிழித்துத் தந்தாள்:
சரக்கு என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல்.

நீக்கிய இரைச்சலை நான் அழிக்கவில்லை.
தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன்.
பெயர் கேட்டது கணினி.
மைதீன்பா என்றுவரை தட்டிவிட்டு
ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் வந்தேன்.
கட்டில் கால் நடுங்கியது.
ஏற்றிய வண்டி.