நிகர எடை

வள்ளியூர்க் கிளையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
நகையை நிறுப்பேன்.
ஆனி பிறந்தால் அதுவும் போதாது.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்த காற்று
காற்றாலைகளுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை
எங்கள் கதவிடுக்கில் செலுத்தும்.
ஒன்றுமே வைக்காத தட்டு
பூஜ்யம் பாயிண்ட் பூஜ்யம் ரெண்டு என்னும்,
ஒன்று என்னும், மறுபடி ரெண்டு என்னும்.
கண்ணாடி மூடியைச் சாத்திக் காத்திருப்பேன்.
வரிசையில் நிற்பவர்கள் இருமுவார்கள்.

கூத்தங்குழி விண்ணரசியின் ஜிமிக்கி
மூன்று வருடத்தில் ஐந்து முறை என் கைக்கு வந்தது.
மகன் நர்சிங் படிப்பு, வள்ளத்துக்கு என்ஜின், மறுபடி படிப்பு.
குடைக்கு அடியில் ஏழு முத்து;
ஒன்று மட்டும் பின்னால் கோத்தது, நிறம் சற்று வெளுப்பு.
அந்த வெளுத்த முத்துதான் என்னைப் பிடித்தது.
தெரிந்த தங்கம், உரைகல்லில் இழுக்கத் தேவையில்லை.
ஆனாலும் இழுப்பேன்,
இன்னும் கொஞ்சநேரம் விரலில் இருக்கட்டும் என்று.

தொழில் பழக்கம்:
ஆசை வந்தால் அதையும் தட்டில் வைத்துவிடுகிறேன்.
மொத்த எடை இவ்வளவு.
ஓரகத்தி கார் வாங்கிப் படம் அனுப்பியது கல். கழி.
நடுராத்திரி போனில் பார்த்த விளம்பரம் அரக்கு. கழி.
ஒன்பதாம் வகுப்பில்
காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு போட்டோவுக்கு நின்றது
கல்லா, தங்கமா, இன்றுவரை தெரியவில்லை.
கழித்துக் கழித்துப் பார்த்ததில்
பெரிய ஃபிரிட்ஜ் காணாமலே போயிற்று,
கார் பாதியானது.
ஜிமிக்கி மட்டும் மில்லிகிராம் குறையவில்லை.

வைகாசியில் அவளுக்கு ஏல நோட்டீஸ்.
நான்தான் முகவரி எழுதினேன்.
கையெழுத்து அன்றைக்கு அழகாக வந்தது.
அப்புறம் காலண்டர் தாள் கிழிக்கும்போதெல்லாம்
வரக்கூடாது, வரக்கூடாது என்று
உள்ளே ஒரு ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
எட்டிப் பார்த்தேன்.
என் புடவைதான் கட்டியிருந்தது.
கிளை ஆட்கள் ஏலம் எடுக்கக்கூடாது என்பதும்
கொழுந்தன் பெயரில் எடுக்கலாம் என்பதும்
அதற்குத் தெரிந்திருந்தது.
விரட்டவில்லை. புத்தி சொல்லவும் இல்லை.
பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து
வட்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள், மூணே முக்காலுக்கு வந்தாள்.
பாலித்தீன் கவரில் சுற்றிய நோட்டு, கருவாட்டு வாடை.
"பஸ்ஸு கெடைக்கலக்கா. சாத்திருவியளோன்னு ஓடியாந்தேன்."
ரெண்டு தடவை எண்ணினேன்.
நாற்பது ரூபாய் கூடுதல் இருந்தது, திருப்பிக் கொடுத்தேன்.
அங்கேயே மாட்டிக்கொண்டாள்.
கண்ணாடி இல்லாததால் என்னைப் பார்த்து
"நல்லாருக்கா?"

நல்லா இருந்தது.
சொன்னேன்.

ஆசை போய்விட்டது என்று எழுதினால் பொய்.
அவள் படியிறங்கியபோது வெளுத்த முத்து ஆடியது,
எனக்குள்ளும் ஏதோ கூடவே ஆடியது.
மகனுக்கு இன்னும் ரெண்டு செமஸ்டர் பாக்கி என்று
கணக்குக்கூடப் போட்டுவிட்டேன்.

கவுண்டரைப் பூட்டும் முன் தட்டைத் துடைத்தேன்.
காலித் தட்டு.
ரெண்டு. ஒன்று. ரெண்டு.
மூடியைச் சாத்தாமல்
கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே பணகுடி பஸ் ஹாரன் அடித்தது.