நாற்பதாம் சுற்று

எழுநூறு கிலோமீட்டர் மேலிருந்து
இந்தக் கருவி பார்க்கும் ஒவ்வொரு பார்வையும்
நாற்பது கிலோமீட்டர் அகலம்.
மலை, உறைந்த ஆறு, ஆட்டுப்பட்டி, சாலை
எல்லாம் சேர்த்து ஒரே எண்:
இருநூற்றுப் பதினாறு.

அதற்குள் என் பள்ளத்தாக்கு எங்கே
என்று தொலைபேசியில் கேட்கிறார் லுவ்சான்தோர்ஜ்.
எண்ணூறு ஆடு. வைக்கோல் ஒன்பது நாளுக்கு.
பனிமேல் மழை பெய்து இறுகி
மேய்ச்சல் நிலம் கண்ணாடியாகிவிட்டது,
குளம்பு வழுக்குகிறது.
குன்றுக்கு அப்பால் பனி மெலிதா, தடிமனா,
அது தெரிந்தால் போதும்.

உலான்பாத்தரில் நான்காவது மாடி.
நிலக்கரிப் புகை ஜன்னலில் அப்பியிருக்கிறது.
நானும் எதையும் நேரில் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு பொய் சொல்ல வேண்டும்.
எங்கும் ஒரே அளவு பனி என்று நிரப்புகிறேன்.
நீ நிஜமாக இருந்தால்
மேலே இருப்பவனுக்கு என்ன தெரிந்திருக்கும்
என்று அந்தப் பொய்யையே கேட்கிறேன்.
அது சொன்னதற்கும் கருவி கண்டதற்கும் நடுவே
விழுகிற இடைவெளி,
என் கையில் இருக்கும் ஒரே உண்மை.
அதைக் கிள்ளிக் கிள்ளிப் படத்தில் தூவுகிறேன்.
மறுபடி கேட்கிறேன்.
மறுபடி.

ஏழாம் சுற்றில் மலைகள் மங்கலாக எழுகின்றன.
இருபதில் ஆறு வளைகிறது.
நாற்பதில், குன்றுக்கு அப்பால்,
நகம் பட்டது போல் ஒரு கீறல்:
பனி மெலிந்த இடம்.

இங்கே நிறுத்தத் தெரிய வேண்டும்.
போன குளிர்காலம் நான் நிறுத்தவில்லை.
அறுபது, எழுபது என்று கூர்மை ஏற ஏற
கருவியின் நடுக்கமெல்லாம் புல்வெளிகளாகப் பிறந்தன,
விளிம்போடு, நிழலோடு, அத்தனை அழகாக.
ஒரு குடும்பம் அவற்றில் ஒன்றைத் தேடி
நான்கு நாள் நடந்தது.

இந்தக் கீறல் நாற்பதில் இருக்கிறது.
முப்பத்தெட்டில் இல்லை.
நாற்பத்தொன்றில் கொஞ்சம் நகர்ந்துவிட்டது.
பிழை குறைகிறது என்கிறது திரை.
பிழைப்பது பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

"மெலிதாக இருக்கலாம்" என்றேன்.
"'லாம்' என்றால் எத்தனை ஆடு?" என்றார்.
பதில் வராததால்
மோட்டார் சைக்கிளில் தானே போய்ப் பார்ப்பதாகவும்
பெட்ரோல் காசு என் கணக்கு என்றும் சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் குரல் பதிவு. பாதி காற்று.
நீ சொன்ன இடத்தில் முழங்கால் ஆழம்.
கிழக்கே அரைமணி போனால்
சரிவில் மஞ்சள் புல் தலை நீட்டுகிறது. ஓட்டிப் போகிறேன்.

அதையும் ஒரு வரிசையாகச் சேர்க்கிறேன்:
இடம், நாள், பனியின் ஆழம்.
இந்த அளவீட்டில் பிழை எவ்வளவு
என்று நிரல் கேட்கிறது.

முழங்கால்.
அவர் எவ்வளவு உயரம் என்று
எனக்குத் தெரியாது.